பச்சையாக நிற்கும் பயிருக்கு நட்டஈடு எப்படி? இலவசப் பயிர்க் காப்புறுதி பற்றி

திருகோணமலை மாவட்டத்து வெருகல் பக்கம் ஐந்து ஏக்கர் நெல் செய்யும் நண்பர், "அரசின் இலவசக் காப்புறுதியை நம்பி விதைக்கலாமா?" என்று கேட்டார். நெல்லுக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் மேல் எல்லை. வெள்ளம், வரட்சி, யானை மூன்றுக்கும் உண்டு. இது அவருக்கும் தெரியும். சந்தா இல்லை என்பதே கடனுக்கு விதைநெல் எடுக்கிறவருக்குப் பெரிய ஆறுதல்.

என் கோபமெல்லாம் காப்புறுதி உத்தியோகத்தர் சேதம் மதிக்க வயல் பார்க்க வரும் நாளைப் பற்றியது.

விதைத்து இருபது நாளில் வெள்ளம் ஏறினால் அழிவு கண்ணுக்குத் தெரியும். ஆனால் நவம்பர் தொடக்கத்தில் விதைத்த மூன்றரை மாத நெல், பி.ஜி. 352 ஆகட்டும், ஏ.ரி. 362 ஆகட்டும், தைப்பொங்கலை ஒட்டிப் பூக்கும். அந்த நேரம் மகாவலித் தண்ணீர் ஏறி மூன்று நாள் நின்று வடிந்தால் பயிர் பச்சையாகவே நிற்கும். உத்தியோகத்தர் வரம்பில் நின்று பார்த்துச் 'சேதம் குறைவு' என்று எழுதுவார். அன்றைக்கு அவர் கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். மகரந்தம் சேராமல் போனது இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகே வெளிக்கும்: மணி பிடித்த கதிர் பாரத்தில் வளையும், பதர்க்கதிர் வெளுத்து நிமிர்ந்தே நிற்கும். அதற்குள் நட்டஈட்டுப் படிவத்தை மூடிவிடுவார்கள். இதுதான் வயிறெரிகிற இடம்.

ஆகவே முதல் முறைப்பாட்டுக் கடிதத்திலேயே பயிரின் பருவத்தை எழுதுங்கள்: குடலையா (கதிர் இன்னும் தண்டுக்குள்), பூவா, பாலா (மணியில் பால் பிடிக்கும் பருவம்)? தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்பதையும் எழுதி, அறுவடைக்கு முன் மறுபார்வை வேண்டும் என்று கேளுங்கள். பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் திரும்ப வேண்டாம். தண்ணீர் நிற்கும்போதே எடுக்கும் படத்தில் மதகோ கரண்ட் போஸ்ட்டோ தெரிய வேண்டும். இல்லாவிட்டால் யாருடைய வயல் என்று காட்ட முடியாது. யானை இறங்கியிருந்தால், தண்ணீர் கட்டுமுன் கால்தடத்தைப் படமெடுங்கள். மறுபார்வைக்கு முன் வெட்டு மெஷின் வந்துவிட்டால், நடு வயலில் பத்தடிக்குப் பத்தடி துண்டு ஒன்றை உத்தியோகத்தருக்குக் காட்ட வெட்டாமல் விடுங்கள்.

குத்தகைக்குச் செய்கிறவர்கள் கமநல சேவை நிலையம் (விவசாயிகளுக்கான உள்ளூர் அரச அலுவலகம்) வைத்திருக்கும் பதிவேட்டில் செய்கையாளராகத் தங்கள் பெயர் இருக்கிறதா என்று விதைக்கு முன்பே பார்க்க வேண்டும்.

முழுத்தொகை கிடைத்தாலும் இன்றைய உழவு, உரம், வெட்டுக்கூலிக்குக் காணாது. நம்பி விதைக்க வேண்டாம் என்றுதான் நண்பருக்குச் சொன்னேன். ஆனாலும் புரட்டாதி முடியுமுன் பதிவைச் சரிபார்த்துவிடச் சொல்லியிருக்கிறேன்.