வாய் முன்னே, சத்தம் பின்னே: சவுண்ட்பாரோடு நான்கு வருடம்

பல்லடத்திலிருந்து சித்தி மகன் போன வாரம் அழைத்தான். நான்கு வருடத்துக்கு முன் நான் 18,500 ரூபாய் கொடுத்து வாங்கிய அதே சவுண்ட்பார், டிவிக்குக் கீழே வைக்கும் நீளமான ஸ்பீக்கர் பெட்டி, இப்போது 11,000க்கு இறங்கிவிட்டதாம். "அண்ணா, வாங்கலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்றான். அன்று என்னுடையது வீட்டிலேயே இல்லை. பழுதுபார்க்கப் போய்ப் பதினேழாவது நாள். இருந்த எரிச்சலில் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டான். அவனுக்குச் சொல்ல ஆரம்பித்ததுதான் இது.

ஐந்து ஸ்பீக்கர், கனத்த ஒலிக்கான தனி வூஃபர், எத்தனை வாட் என்பதெல்லாம் அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. எங்கள் வீடு இருக்கும் இடத்தைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். சோமனூர்ப் பக்கம். சுவருக்கு அந்தப்புறம் தறிக்குடோன், பன்னிரண்டு தறி. ஊடை நூலைச் சுமந்து ஓடும் நாடா இந்தப் பக்கம் அடிவாங்கி அந்தப் பக்கம் போய், அங்கே அடிவாங்கித் திரும்பி வரும் பழைய ரக விசைத்தறி. ஒரு தறி நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் அடிக்கும். மீதியைப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் நாய் குரைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கேட்கும்.

இந்த இடத்தில் உட்கார்ந்து படம் பார்ப்பவனுக்கு வசனம்தான் பிரச்சினை. இப்போதைய டிவிக்கள் அப்பளம் போல மெலிந்துவிட்டன. அவற்றின் ஸ்பீக்கர் நம்மைப் பார்க்காமல் தரையையோ சுவரையோ பார்த்துக்கொண்டிருக்கும். தியேட்டருக்கான ஒலிக்கலவையில் வசனத்தின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கருக்குப் போகிறது. டிவியில் அந்த நடு ஸ்பீக்கர் கிடையாது. வசனத்தையும் வயலினையும் வெடிகுண்டையும் ஒன்றாகச் சேர்த்து இரண்டு ஓட்டை வழியாகப் பிதுக்கிவிடும். கதாநாயகன் முணுமுணுக்கும்போது சத்தத்தைக் கூட்டுவேன். அடுத்த நொடி சண்டை வந்து ஜன்னல் கண்ணாடி அதிரும். இரண்டரை மணி நேரப் படத்தில் ரிமோட்டைக் கீழே வைத்ததாக நினைவில்லை.

சவுண்ட்பார் இதைச் சரிசெய்தது. அதை மறைக்க மாட்டேன். மாட்டிய அன்றிரவு, பன்னிரண்டு தறியும் ஓடிக்கொண்டிருக்க, ஒரு பெண் கிசுகிசுப்பாகச் சொன்ன வார்த்தை தெளிவாக என் காதில் விழுந்தது. கொடுத்த காசு அன்றே வந்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

அம்மாவைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன்.

அம்மா இருபத்தேழு வருடம் தறி ஓட்டியவர். காது போய்விட்டது என்று மற்றவர்கள் சொல்வார்கள், அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். "சத்தம் கேட்கிறது கண்ணு, சொல்தான் கேட்கவில்லை" என்பார். காது மருத்துவரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். நீண்டகால இரைச்சல் முதலில் அரிப்பது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலிகளைத்தான். ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக்காட்டும் மெய்யெழுத்துகளின் கூர்மையில் பெரும்பங்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. கனத்த ஒலி தங்கிவிடும். ஆள் பேசுவது தெரியும், என்ன பேசுகிறார் என்பது தெரியாது.

ஆனால் தறிக்குடோனுக்குள் என்றைக்கு யார் காதால் கேட்டார்கள்? நான்கு தறி தள்ளி நிற்பவர் "பாவு அறுந்துவிட்டது" என்று வாயசைத்தால் இங்கிருந்து இவர் தலையாட்டுவார். டீ வந்ததும், சம்பளப் பாக்கியும், யார் வீட்டுப் பெண்ணுக்கு எந்த ஊரில் மாப்பிள்ளை அமைந்தது என்பதும் உதட்டிலிருந்து கண்ணுக்குப் போன செய்திகள்தாம். அம்மா படம் பார்ப்பதும் அப்படித்தான், வாயைப் படித்துக்கொண்டு. அதனால் அவரிடம் எதையும் மறைக்க முடியாது. புதுப்படத்தில் கதாநாயகி வந்து இரண்டாவது வசனத்திலேயே "இந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். இரண்டு கடல், நான்கு ராஜ்யம் என்று பிரம்மாண்டமாக எடுத்து ஐந்து மொழிகளில் விடுகிறார்களே, அந்தப் படங்கள் ஓடினால் எழுந்து போய் முருங்கைக்கீரை ஆய ஆரம்பித்துவிடுவார். எனக்கும் அவற்றின் மேல் பெரிய பிரியம் இல்லை என்றாலும் சண்டைக்காகப் பார்ப்பேன்.

ஆகவே, சவுண்ட்பார் வந்த இரண்டாவது வாரம் "வாயும் சத்தமும் சேரவில்லை" என்று அவர் சொன்னபோது, டப்பிங்கைச் சொல்கிறார் என்றே விட்டுவிட்டேன். நம் சினிமாவுக்கு இது பிறவிக் குறைதானே என்றும் நினைத்தேன். 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸில் நாயகி தமிழிலும் நாயகன் தெலுங்கிலும் பேசினார்கள். யோசித்துப் பார்த்தால் அதுவே மேல். அவரவர் வாய்க்கு அவரவர் சத்தமாவது பொருந்தியிருக்கும்.

மூன்றாவது வாரம் இரவுச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. பல வருடமாக அம்மா பார்த்துவரும் செய்தி வாசிப்பாளர். திரையை உற்றுப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்: "ஏன் கண்ணு, இந்தப் பெண்ணுக்குமா தமிழ் மறந்துவிட்டது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மறுநாள் தறிக்குடோனுக்குப் போய்க் கைபேசியில் ஒரு தறியைப் படமெடுத்துக்கொண்டு வந்து டிவியில் போட்டேன். தடதடவென்று ஓடியது. எந்த அடிக்கு எந்தச் சத்தம் என்று பிரித்தறியவே முடியவில்லை. "ஓடுகிற தறியில் என்ன தெரியும்? நிறுத்திக் கிளப்பும்போது முதல் அடியைப் பார்" என்றார் அம்மா. திரும்பிப் போய் அதை எடுத்து வந்தேன். டிவியின் சொந்த ஸ்பீக்கரில், நாடா பெட்டிக்குள் போய் முட்டுவதும் 'தடக்' என்பதும் ஒன்றாக வந்தன. சவுண்ட்பாரில் போட்டேன். நாடா முட்டிற்று. ஒரு கணம் ஒன்றுமில்லை. அப்புறம் 'தடக்'. சட்டகம் சட்டகமாக, அதாவது ஒவ்வொரு ஃபிரேமாக, நகர்த்தி எண்ணிப் பார்த்தேன். ஐந்தில் ஒரு பங்கு வினாடிக்குப் பக்கத்தில் வந்தது.

ஐந்தில் ஒரு பங்குதானே என்று நானும் அதற்கு முன் சொல்லியிருப்பேன். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் இதற்கென ஓர் அளவு கொடுத்திருக்கிறது. சத்தம் முந்தினால் 45 மில்லி வினாடியிலேயே பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். பிந்தினால் 125 வரை தெரியாது. பிந்துவதற்கு மட்டும் இத்தனை சலுகை ஏன் என்றால், இயற்கையிலேயே ஒளியைவிட ஒலி தாமதமாகத்தான் வரும். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் நடக்கும். டூரிங் கொட்டகையில் திரையிலிருந்து 34 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு எல்லா வசனமும் பத்தில் ஒரு பங்கு வினாடி பிந்தித்தான் வந்திருக்கும். யாரும் புகார் சொல்லவில்லை. ஆனால் என் டிவி எனக்கு எட்டடி தூரத்தில் இருக்கிறது. இருநூறு மில்லி வினாடிப் பிசகுக்கு நான் எழுபது மீட்டர் தள்ளி, தறிக்குடோனையும் தாண்டி, வாய்க்கால் கரையில் நாற்காலி போட வேண்டும்.

கொட்டகைக்காரர்கள் இதில் நம்மைவிடக் கெட்டி. பிலிம் சுருளில் படத்துக்கு உரிய சத்தம் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் இருக்காது. சுமார் 20 சட்டகம் முன்னால் தள்ளிப் பதிந்திருப்பார்கள். ஒலியைப் படிக்கும் பகுதி லென்ஸுக்குக் கீழே இருப்பதால் அந்த ஏற்பாடு. ஆபரேட்டர் இடையில் விடும் பிலிம் மடிப்பு சற்றுக் கூடினாலோ குறைந்தாலோ வாயும் வசனமும் பிரிந்துவிடும். பெஞ்சிலிருந்து விசில் பறக்கும், ஆபரேட்டர் சரிசெய்வார். நான் விசிலடித்தால் யாருக்குக் கேட்கும்? வாடிக்கையாளர் சேவை எண்ணில் ஒரு பதிவுசெய்த குரல் என்னை வரிசையில் நிற்கச் சொன்னது. அந்தக் குரலுக்கு வாயே இல்லாததால் பொருத்தம் பார்க்கவும் வழியில்லை.

சவுண்ட்பார் ரிமோட்டில் ஒலித்தாமதம் என்று ஒரு வசதி இருக்கிறது. பூஜ்யம் முதல் இருநூறு வரை. கண்டதும் மகிழ்ந்துபோனேன். பூஜ்யத்தில் இருந்தது. ஐம்பது வைத்தேன், இன்னும் பிந்தியது. நூறு வைத்தேன், அம்மா எழுந்து போய்விட்டார். இந்த வசதி சத்தத்தை இன்னும் பின்னால்தான் தள்ளும். படம் பிந்தும் வீடுகளுக்கு அது உதவும். சத்தம் பிந்தும் வீட்டுக்கு முன்னால் இழுக்க வழி கிடையாது. ஏற்கெனவே தாமதமாக வருபவனுக்கு இன்னும் தாமதமாக வர உரிமை கொடுத்திருக்கிறார்கள், 18,500 ரூபாய்க்கு.

உண்மையான மருந்து டிவிக்குள் இருந்தது. ஒலி வெளியீட்டை 'ஆட்டோ'விலிருந்து 'பிசிஎம்' (சுருக்காத நேரடி ஒலி) என்று மாற்றினால் வாயும் சத்தமும் கச்சிதமாகச் சேர்ந்துவிடுகின்றன. ஆனால் என் டிவியில் இருப்பது, ஒலியைச் சவுண்ட்பாருக்கு அனுப்பும் பழைய ஏஆர்சி இணைப்பு. அந்த வழியில் பிசிஎம் இரண்டு தடமாக மட்டும்தான் போகும். ஐந்து ஸ்பீக்கருக்கான ஒலி இரண்டாகச் சுருங்கி, எந்த நடு ஸ்பீக்கருக்காக இதை வாங்கினேனோ அந்த வசனத் தெளிவு குறைந்துவிடுகிறது. எனக்குக் காது வேண்டும், அம்மாவுக்கு வாய் வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் இந்தப் பெட்டி கொடுக்கும். புதிய டிவிக்களில் அதன் அடுத்த வடிவமான இஏஆர்சி வருகிறது. அதில் உதட்டசைவைப் பொருத்தும் ஏற்பாடு விதிமுறையிலேயே சேர்ந்திருக்கிறது. டிவியின் பின்னால் அந்த எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்க்காமல் யாரும் சவுண்ட்பார் வாங்க வேண்டாம். சித்தி மகனின் டிவி என்னுடையதைவிட ஒரு வருடம் பழையது.

நான்கு வருடமாக நடப்பது இதுதான். அம்மா உட்கார்ந்தால் பிசிஎம், அவர் தூங்கப் போனால் ஆட்டோ. மாற்றுவதற்கு மெனுவுக்குள் ஏழு படி இறங்க வேண்டும். மின்சாரம் போய் வந்தால் டிவி தானாக ஆட்டோவுக்குத் திரும்பிவிடும். அப்போது அம்மா ஒன்றும் பேச மாட்டார். ஆள்காட்டி விரலால் தம் உதட்டை இரண்டு முறை தட்டிவிட்டு டிவியைக் காட்டுவார். தறிக்குடோன் சைகை. நான் ரிமோட்டை எடுத்துக்கொண்டு ஏழு படி இறங்குவேன்.

கோடை இடியில் அடிபட்டுப் பழுதானது தனிக்கதை. 3,200 ரூபாய், இருபது நாள். வேலை செய்துகொடுத்தவர் நல்ல மனிதர், உதிரிபாகம்தான் வரவில்லை. அந்த இருபது நாளும் டிவியின் ஓட்டை ஸ்பீக்கரோடு அம்மா நிம்மதியாகப் படம் பார்த்தார். ஒரு நாள்கூட உதட்டைத் தட்டவில்லை. இதைப் பார்க்கப் பார்க்கத்தான் எனக்குக் கோபம் அதிகமானது. சித்தி மகனிடம் 'வேண்டாம்' என்றது அந்தக் கோபம்.

திரும்பி வந்த அன்று அம்மா கேட்ட முதல் கேள்வி, "கீழே வைக்கும் பெட்டி வந்ததா?" வூஃபரைச் சொல்கிறார். அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு பாட்டைப் போட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு வலது பாதத்தை அதன் மேல் வைத்துக்கொண்டார். பம்பை இறங்கியதும் அவருடைய கால்விரல்கள் அசைந்தன. நான்கு வருடமாக அதைக் கால் வைக்கும் பலகை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், துணி போட்டு மூடிவிடலாமா என்று நான் யோசித்ததுண்டு.

அது திரும்பி வந்த அடுத்த வாரம் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மாலை 4 வரை மின்தடை. எங்கள் ஊரில் படம் பார்க்க அதைவிட நல்ல நாள் இல்லை. தறி பன்னிரண்டும் நின்றிருக்கும், டிவியும் சவுண்ட்பாரும் யுபிஎஸ்ஸில் ஓடும். 1987இல் வந்த பேசும் படத்தைப் போட்டோம். பெயர்தான் அப்படி, படத்தில் வசனமே கிடையாது. பனிக்கட்டிக் கத்தியோடு ஒருவன் கொலைக்கு அலைவான், அவன் காரியத்தை முடிப்பதற்குள் கத்தி உருகி ஒழுகும். எனக்கு முன்பே அம்மா சிரித்துவிட்டார், ஒவ்வொரு தடவையும். ஆட்டோவில்தான் இருந்தது. கதவு சாத்துவது பிந்திற்றா முந்திற்றா என்று நானும் பார்க்கவில்லை.

எனவே என்னுடையதை யாராவது விலைக்குக் கேட்டால் கொடுக்க மாட்டேன். சித்தி மகனுக்குச் சொன்ன 'வேண்டாம்' மட்டும் அப்படியே நிற்கிறது.

அவன் அதற்குள் வாங்கிவிட்டான். நேற்று இரவு எட்டு மணிக்கு அழைத்து, "அண்ணா, வாய் ஒரு பக்கம் போகிறது, சத்தம் ஒரு பக்கம் போகிறது" என்றான். முதல் படியிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லி இறக்கிக்கொண்டு போனேன். ஆறாவது படியில் அவன் வீட்டில் கரண்ட் போய்விட்டது.