கால் கிளினிக்கில் பி கிளாஸ் ஆட்டோகிளேவ்: மெஷின் நல்லது, சீட்டுதான் தலைவலி

காற்றை உறிஞ்சும் வேக்குவம் பம்பில் டயஃப்ரம் என்ற சவ்வை மாற்றி, கருவிகளை நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. இந்த நேரம் பார்த்து அந்த மாடலுக்கு விலை இறங்கியிருக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்கான கால் பராமரிப்பு கிளினிக் தொடங்கப்போகும் நண்பர் ஒருவர் "வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாததால் இந்தப் பதிவு. 22 லிட்டர், முன்பக்கக் கதவு, மூன்று முறை காற்றை உறிஞ்சிவிட்டு நீராவி ஏற்றும் பி கிளாஸ், 121, 134 டிகிரி புரோகிராம்கள், ஒவ்வொரு ஓட்டத்தின் விவரத்தையும் சீட்டாக அடித்துத் தர உள்ளேயே ஒரு குட்டி பிரிண்டர். மற்றதெல்லாம் விற்பனைத் தாளில் இருக்கிறது. கம்பெனிப் பெயர் வேண்டாம்; இந்த வகையில் வரும் பெரும்பாலான மெஷின்களுக்கும் கீழே உள்ளது பொருந்தும்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். கால் கிளினிக்கில் புழங்கும் கருவிகள் பார்வைக்கு எளிமையானவை: நகம் வெட்டும் நிப்பர், பிளாக்ஸ் ஃபைல் என்ற நக அரம், சுரண்டி எடுக்கும் கியூரெட், 3-ஆம் எண் பிளேடு கைப்பிடி. சிக்கல் நிப்பரின் மூட்டில் இருக்கிறது. அந்த இடுக்கில் காற்று தங்கினால் நீராவி உள்ளே போகாது. காற்று கலந்த நீராவியில் அழுத்தம் 2.1 பார் என்று அழகாகக் காட்டும். வெப்பம் மட்டும் 134 டிகிரியைத் தொடாது. வேக்குவம் இல்லாத பழைய டிரம் ஆட்டோகிளேவில் கருவியைப் பவுச்சுக்குள் (மூடி ஒட்டும் உறை) போட்டு வைத்து நம்ப முடியாததற்கு இதுவே காரணம். ஸ்பிரிட்டில் ஊறப்போடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம், ஸ்போர்களை (கிருமிகளின் கெட்டியான உறங்கு வடிவம்) அது ஒன்றும் செய்யாது. ஒருவரின் பூஞ்சை பிடித்த நகத்தை வெட்டிய நிப்பர் அடுத்த ஆளின் திறந்த புண்ணுக்குப் பக்கத்தில் போகிற தொழில் இது. அந்த வேலையை இந்த மெஷின் சொன்னபடி செய்கிறது. குறுகிய குழாய்க்குள்ளும் நீராவி போகிறதா என்று காலையில் பார்க்கும் ஹீலிக்ஸ் டெஸ்டில் பட்டை முழுதாக நிறம் மாறுகிறது, வாராந்திர ஸ்போர் டெஸ்டில் குறையில்லை, பவுச் காய்ந்து வெளியே வருகிறது.

எதிர்பாராத சந்தோஷம் ஒன்றும் உண்டு. ஒவ்வொரு வேக்குவம் இழுப்பும் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்று சீட்டில் அச்சாகிறது. யாரும் கவனிக்காத வரி அது. கடைசியில் வரும் 'பாஸ்' என்பதை மட்டும் பார்த்துவிட்டுக் கிழித்துவிடுவார்கள். ஆனால் பம்பின் உடல்நிலை அந்த வரியில்தான் தெரியும். டயஃப்ரம் கிழியத் தொடங்கினால் அதே லோடுக்கு (ஒரு தடவை உள்ளே வைக்கும் கருவிகள்) இழுப்பு நேரம் வாரத்துக்கு வாரம் நீளும். சைக்கிள், அதாவது ஒரு முழு ஓட்டம், அப்போதும் பாஸ் ஆகிக்கொண்டேதான் இருக்கும். காற்றை உறிஞ்சி மூடிவிட்டு எங்காவது கசிகிறதா என்று பார்க்கும் லீக் டெஸ்டையும் சேர்த்துப் பார்த்தால் கோளாறு எங்கே என்று ஓரளவு பிடித்துவிடலாம். நிமிடத்துக்கு 1.3 மில்லிபாருக்கு மேல் அழுத்தம் ஏறினால் கேஸ்கெட் (கதவு ரப்பர்) அல்லது வால்வு. லீக் டெஸ்ட் பாஸ், இழுப்பு மட்டும் மெதுவாக என்றால் பம்ப். இந்த இரண்டு வரியைச் சொன்னால் சர்வீஸ் இன்ஜினியர் சரியான பாகத்தோடு வருவார். சொல்லாவிட்டால் முதல் தடவை கேஸ்கெட்டை மாற்றி பில் போட்டுவிட்டு, பம்புக்காக இன்னொரு நாள் வருவார்.

இவ்வளவு அருமையான தகவலை எதில் அச்சடிக்கிறார்கள்? தெர்மல் பேப்பரில். பஸ் டிக்கெட் அடிக்கிற அதே தாள்.

தெர்மல் பேப்பரில் மை கிடையாது, சூட்டில் கறுக்கும் பூச்சுதான் இருக்கிறது. அந்த ரோலைக் கொண்டுபோய்ச் சுடுகிற மெஷினின் உடம்பிலேயே வைத்திருக்கிறார்கள். மாலை வரை மூடியில் தொங்கும் சீட்டு சாம்பல் பூத்துப் போகும். வெளிச்சத்தில் வைத்தால் எழுத்து மங்கும். பத்திரமாக இருக்கட்டும் என்று பி.வி.சி. ஃபைல் கவரில் போட்டால் இன்னும் சீக்கிரம் மங்கும், ஏனென்றால் பிளாஸ்டிக்கை வளைய வைக்கச் சேர்க்கும் ரசாயனம் அந்தப் பூச்சைத் தின்றுவிடும். செல்லோடேப் ஒட்டினால் பசையும் அதையே செய்யும். கிளினிக்கில் எல்லார் கையிலும் எப்போதும் சானிடைசர் ஈரம். ஆல்கஹால் பட்ட இடத்தில் எழுத்து கலங்கும். ஆக, ஒரு மருத்துவ இடத்தில் இயல்பாக நடக்கிற அத்தனை காரியமும் இந்தத் தாளுக்கு ஆகாது. கோடை ஒன்று கடந்தால் கோப்பில் இருப்பது வெறும் வெள்ளைச் சுருள்.

இது சின்ன விஷயமில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி புகார் கொடுக்க 2 ஆண்டு அவகாசம் உண்டு. தகுந்த காரணம் காட்டினால் அதற்குப் பிறகும் ஏற்பார்கள். மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள் உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டு வைக்கச் சொல்கின்றன, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கச் சொல்கின்றன. வெளிநோயாளி கிளினிக்கும் அந்த 3 ஆண்டைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். மருத்துவக் கழிவு விதிகள் 2016 கழிவுப் பதிவேட்டுக்கு 5 ஆண்டு கேட்கின்றன. இந்தக் கணக்கில் எதற்கும் ஈடுகொடுக்காத தாளில்தான் ஸ்டெரிலைசேஷன் ஆதாரம் இருக்கிறது.

கால் கிளினிக்கில் அந்த ஆதாரத்துக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. காய்ப்பைச் சீவிய பிறகு புண் சீழ் பிடித்தால் நோயாளியின் குடும்பம் முதலில் கேட்பது "கருவி சுத்தமா?" என்றுதான். காரணம் பெரும்பாலும் ரத்த ஓட்டத்திலோ, வலி தெரியாத காலோடு வெறுங்காலில் நடந்ததிலோ இருக்கும். அதை நிறுவ, சீவுவதற்கு முன் எடுத்த 10 கிராம் மோனோஃபிலமென்ட் (பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் நைலான் இழை) முடிவும் ஏ.பி.ஐ. (கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்த எண்) அளவும் அட்டையில் இருக்க வேண்டும். ஏ.பி.ஐ. 0.9-க்குக் கீழே என்றால் பிளேடை எடுப்பதற்கு முன் யோசிக்க வேண்டும். 1.3-க்கு மேல் வந்தால் நல்ல ஓட்டம் என்று எழுதிவிடக் கூடாது. சர்க்கரை நோயாளிகளில் ரத்தக் குழாய் சுண்ணாம்பு படிந்து இறுகியதாலும் அப்படி வரும், கால் விரலில் அழுத்தம் பார்க்க வேண்டியிருக்கும். இவற்றோடு அன்றைய லோடு எண்ணும் அதே அட்டையில் இருந்தால்தான் பதில் முழுமை பெறும்.

அதனால் சீட்டை ஆதாரமாக நினைக்காமல் அன்றைய குறிப்பாக மட்டும் வைத்துக்கொண்டால் நிம்மதி. அசல் ஆதாரம் கோடு போட்ட தடி ரெஜிஸ்டர்: தேதி, லோடு எண், புரோகிராம், எட்டிய வெப்பம், அழுத்தம், தாங்கிய நேரம், நிறம் மாறும் இண்டிகேட்டர் பட்டையின் முடிவு, திறந்தவர் கையெழுத்து. ஒவ்வொரு பவுச்சிலும் லோடு எண்ணும் தேதியும் போட்ட லேபிள். பவுச்சைப் பிரிக்கும்போது அந்த லேபிளை உரித்து நோயாளி அட்டையில் ஒட்ட வேண்டும். சீட்டை அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து, ஜெராக்ஸைத்தான் கோப்பில் வைக்க வேண்டும். யூ.எஸ்.பி. வழியாகவும் பதிவை எடுக்கலாம். வாரம் ஒருமுறை எடுக்கும்போது மெஷினின் தேதியைச் சரிபார்த்துவிடுங்கள். உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்தால் கரண்ட் போய் வரும்போது தேதி பின்னோக்கி ஓடிவிடும். தப்புத் தேதி போட்ட ஆதாரம் ஆதாரமே இல்லாததைவிட மோசம்.

இன்னொன்று, சீட்டில் 'பாஸ்' என்றால் வெப்பமும் அழுத்தமும் நேரமும் சரி என்று மட்டுமே பொருள். ஃபைலின் பற்களில் தோல் துகள் ஒட்டியிருந்ததா என்று அதற்குத் தெரியாது. எனவே முன்வேலை: என்சைம் கரைசல், பற்களின் போக்கில் பிரஷ், 40 டிகிரிக்குள் அல்ட்ராசோனிக் தொட்டியில் ஒலி அலைக் கழுவல் (அதற்கு மேல் சூடானால் ரத்தப் புரதம் உறைந்து ஒட்டும்), அலசல், முழுசாக உலர்த்தல். நிப்பரை வாய் திறந்தபடி பவுச்சில் வையுங்கள், முனைக்குத் தொப்பி போடுங்கள். பவுச்சில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். படுக்கப் போட்டு அடுக்காமல் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஈரமாக வரும் பவுச் ஸ்டெரைல் இல்லை, புதுப் பவுச் போட்டு மறுபடி முழு சைக்கிள் ஓட்ட வேண்டும். பிளேடுகள் ஒருமுறைதான், அவை துளைக்க முடியாத வெள்ளை டப்பாவுக்குப் போகும்.

தண்ணீர் விஷயத்தில் மெஷினைத் திட்ட நியாயமில்லை, ஆனாலும் திட்டுவார்கள். தொட்டியில் ஊற்ற வேண்டியது மின்கடத்தும் அளவு 15 மைக்ரோசீமன்ஸுக்கு மேல் போகாத நீர். நீரில் கரைந்த உப்பைக் காட்டும் கையடக்க டி.டி.எஸ். மீட்டரில் அது ஒற்றை இலக்கத்தில் காட்டும். கேன் தண்ணீரும் வீட்டு ஆர்.ஓ. தண்ணீரும் குடிக்க நல்லது, இதற்கு ஆகாது. சென்னை மாதிரி உப்புத் தண்ணீர் ஊரில் ஆர்.ஓ. போட்ட பிறகும் ஐம்பது, நூறு என்று நிற்கும். அதை ஊற்றினால் சேம்பரில் வெள்ளைப் படிவு, நிப்பரில் பழுப்புப் புள்ளி, கடைசியில் மின்சாரத்தில் திறந்து மூடும் சொலினாய்டு வால்வு மாட்டிக்கொண்டு லீக் டெஸ்ட் ஃபெயில். டிஸ்டில்டு வாட்டர் செலவை மாதக் கணக்கில் எழுதிக்கொண்டுதான் மெஷின் விலையைப் பார்க்க வேண்டும்.

மின்சாரம்: 2 கிலோவாட் இழுக்கும், 16 ஆம்பியர் தனி லைன் கொடுங்கள், சாதாரண இன்வெர்ட்டர் தாங்காது. பாதியில் கரண்ட் போனால் அந்த லோடு கணக்கில் இல்லை.

ஆனால் உண்மையான ஆபத்து அவசரத்தில் வருகிறது, அதற்குக் காரணம் கருவி செட் பற்றாக்குறை. கணக்கு எளிது. பயன்படுத்திய கருவி கழுவி, உலர்ந்து, பவுச் ஆக அரை மணிக்கு மேல். பவுச் சைக்கிள் உலர்த்தலோடு ஒரு மணி நேரம் வரை. ஆறி அலமாரிக்கு வர இன்னும் கொஞ்சம். மொத்தம் இரண்டு மணி நேரம். மணிக்கு மூன்று நோயாளி பார்த்தால் ஆறு செட் எப்போதும் சுற்றில் இருக்கும். கைவசம் இரண்டு சேர்த்து எட்டு செட் வேண்டும். நாலு செட்டோடு தொடங்குகிறவர்கள் பதினோரு மணிக்கு உலர்த்தலைப் பாதியில் நிறுத்துவார்கள், அல்லது பவுச் இல்லாத ஃபாஸ்ட் சைக்கிளில் ஓட்டிவிட்டு எடுத்த கருவியை டிரேயில் மாலை வரை வைத்திருப்பார்கள். மெஷினுக்குக் கொடுக்கும் பணத்தில் கொஞ்சம் மிச்சம் பிடித்து நிப்பர் வாங்குங்கள்.

பராமரிப்பில் பெரிதாக ஒன்றுமில்லை. கேஸ்கெட்டைத் தினமும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும், பாக்டீரியா ஃபில்டரைக் கையேடு சொன்ன நேரத்தில் மாற்ற வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை கேலிபிரேஷன்.

மதிப்பெண் என்றால் ஐந்துக்கு நாலரை வாங்க வேண்டிய மெஷின். இரண்டரை தருகிறேன். நியாயமில்லைதான். இத்தனை லட்சம் வாங்கிவிட்டு ஆதாரத்தைப் பஸ் டிக்கெட்டில் கொடுக்கிறவர்களிடம் நியாயம் பார்க்கும் மனநிலையில் இப்போது இல்லை. விலை குறைந்தாலும் பிரிண்டர் வைத்த மாடலை வாங்காதீர்கள். அதே பம்ப், அதே சேம்பரோடு பிரிண்டர் இல்லாமல் யூ.எஸ்.பி. மட்டும் உள்ளது வருகிறது; இழுப்பு நேரமெல்லாம் அந்தப் பதிவிலேயே கிடைக்கும். ஆர்டர் போடுவதற்கு முன் டயஃப்ரம், கேஸ்கெட் இரண்டின் விலையையும், உள்ளூரில் ஸ்டாக் இருக்கிறதா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.