மறையும் குறி, நீலக் கடிகாரம், திரையில் துகள்: வினைவேகப் பாடத்துக்கு எந்தச் செயல்பாடு?

வேதிவினை எவ்வளவு வேகமாக நடக்கிறது என்ற வினைவேகப் பாடத்தை நடத்தப்போகும் ஆசிரியருக்குச் செயல்பாடுகளுக்குப் பஞ்சமே இல்லை. தாளில் போட்ட பெருக்கல் குறியைக் கந்தகக் கலங்கல் மறைக்க வைக்கலாம். மெக்னீசியத்திலிருந்து வரும் வாயுவை அளக்கலாம். நிறமற்ற திரவத்தைச் சட்டென்று நீலமாக்கிக் காட்டலாம். கணினித் திரையில் துகள்களை மோதவிடலாம். எதைச் செய்தாலும் வகுப்பு ஆர்வமாகப் பார்க்கும், அதனால் ஆர்வத்தை மட்டும் அளவுகோலாக வைத்துத் தேர்ந்தெடுக்க முடியாது. பாடவேளை முடியும்போது மாணவர் தானே எடுத்த எண்கள் அவர் கையில் இருக்கின்றனவா, அந்த எண்களை வைத்து அவர் வாதாட முடியுமா என்று பார்த்தால் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் தெரியும்.

இன்னொரு அளவுகோலும் உதவும். வேதியியலைக் கண்ணால் காண்பது, துகள் அளவில் நினைப்பது, குறியீட்டில் எழுதுவது என்ற மூன்று தளங்களாகப் பிரித்துக் காட்டியவர் வேதியியல் கல்வி ஆய்வாளர் அலெக்ஸ் ஜான்ஸ்டன். 1991ல் அவர் வைத்த இந்த முக்கோணத்தில் மூன்று மூலையையும் ஒரே செயல்பாடு தொட வேண்டியதில்லை. எந்தச் செயல்பாடு எந்த மூலையைத் தொடுகிறது என்பது ஆசிரியருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

மறையும் குறி: பெரிய குடுவையா, சிறு குப்பியா?

சோடியம் தயோசல்பேட்டுடன் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ந்தால் கந்தகம் நுண்துகள்களாகப் பிரிந்து கரைசல் கலங்கும். அடியில் வைத்த குறி மறையும் வரை நேரம் எடுக்க வேண்டும். வழக்கமான அளவு இது: 1 லிட்டர் நீரில் 40 கிராம் படிகத் தயோசல்பேட் (சுமார் 0.16 மோலார்), 2 மோலார் அமிலம். 100 மி.லி. கூம்புக் குடுவையில் தயோசல்பேட்டும் நீரும் சேர்ந்து எப்போதும் 50 மி.லி. இருக்கும்: 50+0, 40+10, 30+20, 20+30, 10+40. ஒவ்வொன்றிலும் 5 மி.லி. அமிலம் ஊற்றியவுடன் ஸ்டாப்வாட்ச்சை அழுத்த வேண்டும்.

அதையே அப்படியே பத்தில் ஒன்றாகச் சுருக்கலாம். சுமார் 2 செ.மீ. விட்டமுள்ள தட்டையடிக் கண்ணாடிக் குப்பியில் 5 மி.லி. கரைசல், 0.5 மி.லி. அமிலம். ஊசியில்லாத 5 மி.லி. சிரிஞ்சும் 1 மி.லி. சிரிஞ்சும் அளக்கப் போதும். பத்துக் குழு உள்ள வகுப்புக்குப் பெரிய அளவில் 1.5 லிட்டர் தயோசல்பேட் கரைசல் வேண்டும், அதாவது 60 கிராம் படிகம். சிறிய அளவில் 150 மி.லி., 6 கிராம். கழிவு 2.75 லிட்டரிலிருந்து கால் லிட்டருக்குச் சற்று மேலாகக் குறைந்துவிடும்.

வாயுதான் இதைவிட முக்கியம். இந்த வினையில் கந்தக டை ஆக்சைடும் வருகிறது. பெரிய குடுவை ஒன்றில், முழுச் செறிவில், அமிலம் தீரும் வரை விட்டால் கணக்குப்படி 120 மி.லி. வரை உருவாகலாம். அதில் பெரும்பகுதி நீரில் கரைந்தே கிடக்கும் என்றாலும், மூடிய அறையில் பத்துக் குழு ஐந்து முறை செய்தால் தொண்டை கரகரக்கும், ஆஸ்துமா உள்ள மாணவருக்கு உண்மையிலேயே ஆபத்து. சிறு குப்பியில் அதிகபட்சம் 12 மி.லி. எந்த அளவில் செய்தாலும், குறி மறைந்தவுடன் கரைசலைச் சோடியம் கார்பனேட் கரைசல் உள்ள வாளியில் ஊற்றிவிட வேண்டும். வாளியில் சில சொட்டு பினாப்தலீன் விட்டு வைத்தால் இளஞ்சிவப்பு இருக்கும் வரை காரம் மிச்சம் இருக்கிறது என்று தெரியும். நிறம் போனால் கார்பனேட்டை மாற்றுங்கள்.

செறிவை மாற்றும் சோதனைக்கு சிறு குப்பியே மேல் என்பதில் சந்தேகம் இல்லை. வெப்பநிலையை மாற்றும் சோதனையில் நிலைமை தலைகீழ். 50 டிகிரிக்குச் சூடாக்கிய 5 மி.லி. கரைசல் மேசைக்கு வருவதற்குள் பல டிகிரி இறங்கிவிடும். வரைபடம் சரிவு குறைந்து படுத்துக்கொள்ளும், மாணவரும் வெப்பநிலைக்குப் பெரிய விளைவு இல்லை என்று எழுதிவிடுவார். அங்கே 50 மி.லி. குடுவைதான் சரி. அதிலும் அறைவெப்ப அமிலம் 5 மி.லி. சேர்ந்தவுடன் இரண்டு டிகிரிக்கு மேல் குறையும் என்பதால், கலந்த பிறகு உள்ள வெப்பநிலையையே குறிக்கச் சொல்லுங்கள். 50 டிகிரியைத் தாண்ட வேண்டாம், வாயு கரைசலை விட்டு வேகமாக வெளியேறும்.

இந்தச் சோதனை கெடுவதற்குக் காரணங்கள் சில உண்டு, எல்லாமே தடுக்கக்கூடியவை. ஒரு குழு பென்சிலால் மெல்லிய குறி போடும், இன்னொன்று மார்க்கரால் பட்டையாகப் போடும், நேரங்கள் ஒத்துவராது. எல்லோருக்கும் ஒரே குறியை அச்சிட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுங்கள். பார்ப்பவர் நடுவில் மாறக்கூடாது. ஒருவருக்கு மறைந்த குறி இன்னொருவருக்கு இன்னும் இரண்டு மூன்று விநாடி தெரியும். அதனாலேயே 10 விநாடிக்குள் முடியும் அளவுகளைத் தவிர்க்க வேண்டும். குப்பியின் பக்கச்சுவரில் கந்தகம் ஒட்டியிருந்தால் அடுத்த முறை தொடக்கத்திலேயே கலங்கலாகத் தெரியும், தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

பெரிய பிழை ஒன்று தனியே சொல்லத்தக்கது. தயோசல்பேட்டைக் குறைத்துவிட்டு நீரைச் சேர்க்க மறப்பது. முறையாகச் செய்தால் கடைசி ஓட்டத்தில் செறிவு முதல் ஓட்டத்தில் ஐந்தில் ஒரு பங்காகும். நீர் சேர்க்காமல் 10 மி.லி. தயோசல்பேட்டில் 5 மி.லி. அமிலத்தை ஊற்றினால் செறிவு முக்கால் பங்கில் நின்றுவிடும். போதாததற்குத் திரவத்தின் ஆழமும் குறைகிறது. குறியை மறைக்கப் பார்வைப் பாதையில் குறிப்பிட்ட அளவு கந்தகம் வேண்டும், ஆழம் குறைந்தால் அது சேர அதிக நேரமாகும். தயோசல்பேட்டின் செறிவு, அமிலத்தின் செறிவு, ஆழம் என ஒரே சமயத்தில் மூன்று மாறிகள் மாறிப்போகின்றன. நீர் எதற்கு என்ற கேள்வியை ஆசிரியர் விடையாகச் சொல்லிவிடாமல் மாணவரிடம் விடுவதுதான் இந்தச் செயல்பாட்டின் மிகப் பெரிய லாபம்.

மெக்னீசியமா, பளிங்கா?

குறி மறைவதில் ஓர் ஓட்டத்துக்கு ஒரே ஓர் எண்தான் கிடைக்கும். வினை போகப் போக எப்படி மெதுவாகிறது என்பது அதில் தெரியாது. அதற்கு வாயு அளக்கும் சோதனை வேண்டும்.

50 மி.லி. 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 3 செ.மீ. மெக்னீசியம் நாடா. துண்டின் எடை சுமார் 0.04 கிராம் இருந்தால் 40 மி.லி. அளவுக்கு ஹைட்ரஜன் வரும், 100 மி.லி. வாயு சிரிஞ்சுக்கு இது வசதியான அளவு. சிரிஞ்சு இல்லையென்றால் நீர் நிரப்பிக் கவிழ்த்த அளவு உருளை போதும். 10 விநாடிக்கு ஒருமுறை அளவைக் குறிக்க வேண்டும். நாடாவை உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்க்காவிட்டால் மேலுள்ள ஆக்சைடு படலம் கரையும் வரை வாயு மெதுவாக வரும், வரைபடத்தின் தொடக்கம் வளைந்து குழப்பும். அடைப்பானைப் பொருத்தத் தாமதித்தால் முதல் சில மி.லி. பறந்துவிடும். நாடாவை நூலில் கட்டி அடைப்பானோடு தொங்கவிட்டு, மூடிய பிறகு குடுவையைச் சாய்த்து நனைத்தால் இந்தச் சிக்கல் இல்லை. அருகில் தீச்சுடர் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

பளிங்குச் சில்லுகளில் வழி வேறு. 0.01 கிராம் காட்டும் தராசின் மேல் குடுவை, அதில் 20 கிராம் சில்லு, 40 மி.லி. 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம். கார்பன் டை ஆக்சைடு வெளியேற எடை குறைந்துகொண்டே போகும், கணக்குப்படி அதிகபட்சம் 1.76 கிராம். குடுவை வாயில் பஞ்சு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தெறிக்கும் அமிலத் துளியும் வாயு என்று கணக்கில் வந்துவிடும். கந்தக அமிலத்தை எடுத்துவிடாதீர்கள், கால்சியம் சல்பேட் சில்லின் மேல் படிந்து வினையை முடக்கிவிடும். தராசு முறையை மெக்னீசியத்துக்குப் பயன்படுத்தவும் முடியாது, அங்கே வெளியேறும் ஹைட்ரஜனின் எடை வெறும் 3 மில்லிகிராம்தான்.

எது மேல்? ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் மெக்னீசியம், ஓரிரு நிமிடத்தில் ஓர் ஓட்டம் முடியும். இரண்டையும் செய்ய முடிந்த வகுப்புக்கு மட்டும் ஓர் அரிய வாய்ப்பு இருக்கிறது. பளிங்கில் எவ்வளவு எடை குறைந்தது என்பதை வரைந்தால், இரண்டு வரைபடமும் ஒரே மாதிரி ஏறிச் சமமாகி நிற்கும். ஏன் நின்றது என்று கேட்டால் பெரும்பாலும் “அமிலம் தீர்ந்துவிட்டது” என்பார்கள். பளிங்கில் அது சரி. அங்கே அமிலம் தீர 4 கிராம் பளிங்கு போதும், 16 கிராம் மிச்சம் கிடக்கும். மெக்னீசியத்தில் தவறு. அங்கே செலவான அமிலம் நூற்றுக்கு 7 பங்குகூட இல்லை, உலோகம்தான் தேய்ந்து மறைந்தது. மோல் கணக்கு எதற்குப் பயன்படுகிறது என்று காட்ட இதைவிடப் பொருத்தமான இடம் இந்தப் பாடத்தில் கிடையாது. சில்லு மிச்சம் கிடப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம் என்பதால் கணக்கும் காட்சியும் அங்கே ஒன்றையொன்று உறுதி செய்யும்.

நீலக் கடிகாரம்

காட்சிக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. 1000 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரையைப் பொடித்து 60 மி.லி. நீரில் கரைத்து, அதில் 5 மி.லி. எடுத்து, 5 மி.லி. 2 சதவீத அயோடின் டிஞ்சரோடும் 60 மி.லி. வெதுவெதுப்பான நீரோடும் கலந்தால் பழுப்பு நிறம் போய்விடும். இன்னொரு முகவையில் 60 மி.லி. வெதுவெதுப்பான நீர், 15 மி.லி. 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, 2.5 மி.லி. ஸ்டார்ச் கரைசல். இரண்டையும் ஒன்றாக ஊற்றினால் சற்று நேரம் எதுவும் நடக்காதது போலிருந்து திடீரென்று கருநீலமாகும்.

அளவிடும் செயல்பாடாக இது சறுக்குகிறது. பெராக்சைடு மெதுவாக அயோடினை உண்டாக்குகிறது, வைட்டமின் சி அதை உடனுக்குடன் அயோடைடாக மாற்றுகிறது, வைட்டமின் தீர்ந்த கணத்தில்தான் நீலம் வருகிறது. இரண்டு வினைகளின் போட்டியை 14 வயது மாணவர் முதல் பார்வையில் பிடிப்பது கடினம். நீலம் வந்தபோதுதான் வினை தொடங்கியது என்றே நினைப்பார். அளவும் கறாராக இருக்க வேண்டும். மேற்சொன்ன கலவையில் 83 மில்லிகிராம் வைட்டமின் சி உண்டு, அயோடினை நிறமிழக்கச் செய்ய அதில் சுமார் 69 போய்விடும். மிச்சம் 14 மில்லிகிராம்தான் கடிகாரத்தை ஓட்டுகிறது. 5 மி.லி.க்குப் பதில் 6 மி.லி. ஊற்றினால் மிச்சம் இரண்டு மடங்கைத் தாண்டும், நேரமும் அப்படியே நீளும். காற்றில் வைட்டமின் சி கெடும் என்பதால் முந்தின நாள் கரைசல் ஆகாது. சூடான நீரும் ஆகாது, ஸ்டார்ச்–அயோடின் நீலம் சூட்டில் மங்கும்.

எனவே இதை ஆசிரியர் செய்துகாட்டுவதாகவே வைத்துக்கொள்ளலாம், அதுவும் மாணவர் சொந்தமாக எண்கள் எடுத்த பிறகு. இரண்டு முகவையிலும் குளிர்ந்த நீரை எடுத்தால் நேரம் கூடுமா குறையுமா, ஏறக்குறைய எவ்வளவு என்று ஒவ்வொருவரும் தாளில் எழுதிவிட்டு, பிறகே ஊற்றுங்கள். எழுதாமல் பார்த்தால் அது வேடிக்கையோடு நின்றுவிடும்.

திரையா, அட்டையா?

முக்கோணத்தின் துகள் மூலையை மேலே சொன்ன எந்தச் சோதனையும் தொடுவதில்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தில் கார்ல் வீமன் 2002ல் தொடங்கிய ஃபெட் போன்ற இலவச சிமுலேஷன்கள் அதற்காகத்தான். மாணவர்களையே துகள்களாக ஓடவிடும் விளையாட்டையும் சிலர் வைப்பதுண்டு. சத்தம்தான் மிஞ்சும், எண்ணுவதற்கு ஒன்றும் கிடைக்காது.

திரையில் ஒரு பொறி உண்டு. வெப்பத்தைக் கூட்டினால் துகள்கள் வேகமாக ஓடுவதும் அதிகம் மோதுவதும் கண்ணுக்குத் தெரியும், உடனே “அதிக மோதல், அதனால் அதிக வேகம்” என்று மாணவர் முடித்துவிடுவார். 20 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குப் போனால் துகளின் சராசரி வேகம் 2 சதவீதம்கூட உயராது. வினைவேகமோ பல வினைகளில் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. இந்த இரண்டு எண்களையும் பலகையில் எழுதிவிட்டு, மிச்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கிளர்வு ஆற்றலை, அதாவது மோதும் துகள்கள் வினைபுரியத் தேவையான குறைந்தபட்ச ஆற்றலை, பேசாமல் யாரும் நகர முடியாது. இந்தக் கேள்வி கையில் இல்லாமல் சிமுலேஷனைத் திறந்தால் மாணவர் பொத்தானை இழுத்து விளையாடுவதோடு சரி.

கணினி இல்லாத அறையில் தரவு அட்டைகள் நன்றாக வேலை செய்யும், கணினி இருந்தாலும் இவை வேண்டும் என்பதே என் கருத்து. ஒவ்வோர் அட்டையிலும் மறையும் குறிச் சோதனையின் ஐந்து நேரங்கள். ஓர் அட்டை சுத்தமானது. மற்றவற்றில் ஒவ்வொரு கோளாறு ஒளிந்திருக்கும்: நீர் சேர்க்கவில்லை, பாதியில் பார்ப்பவர் மாறினார், குடுவை கழுவப்படவில்லை. எந்த அட்டையில் எந்தக் கோளாறு என்று குழு காரணத்தோடு சொல்ல வேண்டும். சோதனைக்கு முன்பே கொடுத்தால் வெறும் புதிர், சோதனை செய்த மறுநாள் கொடுத்தால் தங்கள் எண்களையும் எடுத்து வைத்து ஒப்பிடுவார்கள்.

செயல்தாளிலும் இதே தேர்வு வருகிறது. பத்துப் படிகளையும் எழுதிக் கொடுத்தால் சோதனை பிசகாமல் நடக்கும், யோசிக்க இடம் இருக்காது. ஒன்றுமே எழுதாமல் விட்டால் பாதி வகுப்பு அமிலத்தோடு திண்டாடும். பாதுகாப்பும் கரைசல் வலிமையும் அமிலத்தின் அளவும் அச்சில் இருக்கட்டும், தயோசல்பேட்–நீர் அட்டவணையில் முதல் வரியை மட்டும் நிரப்பி மற்ற நான்கையும் காலியாக விடுங்கள். நேரத்தின் தலைகீழ் மதிப்பை (1/நேரம்) செறிவுக்கு எதிராக வரைந்த பிறகு கடைசிக் கேள்வி: 25 மி.லி. தயோசல்பேட்டும் 25 மி.லி. நீரும் எடுத்தால் எத்தனை விநாடி? குப்பியில் செய்தவருக்கு 2.5 மி.லி. வீதம். விடையை எழுதி ஆசிரியரிடம் காட்டிய குழுவுக்குத்தான் ஆறாவது குப்பி. முழுச் செறிவில் 24 விநாடி எடுத்திருந்தால் 48 விநாடியை ஒட்டி வர வேண்டும். மூன்று நான்கு விநாடி தள்ளி வந்தால் பார்வைப் பிழை, பத்து விநாடிக்கு மேல் தள்ளிப் போனால் அளந்த சிரிஞ்சிலோ கழுவாத குப்பியிலோ காரணத்தைத் தேடச் சொல்லுங்கள்.