சுவரைப் பார்த்து சிப்பை வாங்குங்கள்: செட்டிநாட்டு வீட்டுக்கு எந்த வயர்லெஸ் மாட்யூல்?

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளில் கவலை எல்லாம் ஒரே மாதிரிதான். மேல்தொட்டி நிரம்பி வழிகிறதா, மழைக்கு ஓடு ஒழுகுகிறதா, பின்கட்டுக் கதவை யாராவது திறந்தார்களா? வீட்டுக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார், சாவி வாட்ச்மேனிடம் இருக்கும். ஒரு சென்சாரும் வைஃபை போர்டும் வைத்தால் போனிலேயே பார்த்துவிடலாம் என்று இப்போது நிறையப் பேர் இறங்குகிறார்கள். நல்ல காரியம். போர்டு வாங்கும்போது மட்டும் எத்தனை கோர், எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தொட்டியில் தண்ணீர் அளக்க எந்த சிப்பின் வேகமும் தாராளம். இந்த ஊர் வீட்டில் பார்க்க வேண்டியது இரண்டே விஷயம்: சிக்னல் சுவரைத் தாண்டுமா, பேட்டரி எத்தனை நாள் தாங்கும்?

முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. தடித்த செங்கல் சுவர், அதன்மேல் முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு. ஒயர் இழுக்க அந்தப் பூச்சில் ஒரு துளை போடக்கூட எனக்கு மனம் வராது. அதே பளபளப்பில் திரும்பப் பூசித்தர இன்று ஆள் கிடைப்பது அரிது. வயர்லெஸ் தேவைப்படுவதே இதனால்தான். ரவுட்டரோ முகப்பில் இருக்கும். நாலு சுவர் தாண்டுவதற்குள் சிக்னல் தேய்ந்துவிடும்.

முதலில் இஎஸ்பி8266. 2014-ல் எஸ்பிரசிஃப் நிறுவனத்தின் இந்த சிப் வந்த பிறகுதான் வைஃபை சில நூறு ரூபாய்க்குள் இறங்கியது. நோட்எம்சியு போர்டு வடிவில் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. கரண்ட் இருக்கிற இடத்தில், ரவுட்டருக்குப் பக்கத்தில், ஒரே ஒரு வேலைக்கு இன்றும் இது போதும். சென்சாரின் ஏறி இறங்கும் வோல்டேஜை அளக்கும் அனலாக் பின் ஒன்றுதான் உண்டு. நம் புரோகிராமுக்கு மிஞ்சும் மெமரி சுமார் 50 கேபி என்பதால், டிஎல்எஸ் என்ற பூட்டு போட்ட பாதுகாப்பான இணைப்பென்றால் திணறும். ரிலே (சிப் சொன்னபடி போட்டு அணைக்கும் சுவிட்ச்) மாட்டுவதாக இருந்தால் டி1, டி2 பின்களையே எடுங்கள். மற்ற பல பின்கள் போர்டு பூட் ஆகும்போது தாமாகவே ஒரு நொடி மேலே போய் இறங்கும். அதில் மாட்டினால், கரண்ட் போய் வரும்போதெல்லாம் மோட்டார் ஒரு முறை உதறி நிற்கும். எந்தப் பின்னாக இருந்தாலும் மோட்டாரை ரிலேயில் நேராகக் கொடுக்காமல் கான்டாக்டர் (மோட்டார் கரண்டைத் தாங்கும் பெரிய சுவிட்ச்) வழியாகவே கொடுங்கள்.

பேட்டரி என்று வந்தால் கணக்கே வேறு. விழித்திருக்கும் நோட்எம்சியு சராசரியாக 75 மில்லிஆம்பியர் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். 2500 மில்லிஆம்பியர்-ஹவர் உள்ள 18650 லித்தியம் அயன் செல் ஒன்றரை நாளுக்குள் காலி. டி0 பின்னையும் ஆர்எஸ்டி (ரீசெட்) பின்னையும் ஒரு ஒயரால் இணைத்து, டீப் ஸ்லீப் என்ற ஆழ்ந்த தூக்கத்தில் போட்டால் சிப் 20 மைக்ரோஆம்பியருக்கு இறங்கிவிடும். அப்படியும் செல் இருபது நாள் தாங்கினால் அதிகம். காரணம், போர்டில் உட்கார்ந்திருக்கும் ஏஎம்எஸ்1117 என்ற, வோல்டேஜைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர் சும்மா இருக்கும்போதே 5 மில்லிஆம்பியர் அளவுக்குத் தின்னும். யூஎஸ்பி சிப் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் எடுக்கும். டேட்டாஷீட்டில் படிக்கிற மைக்ரோஆம்பியர் கணக்கு சிப்புக்கு. நம் கையில் இருப்பது போர்டு. பேட்டரியில் ஓட வேண்டிய எதற்கும் நோட்எம்சியு போன்ற டெவலப்மென்ட் போர்டைத் தவிர்த்து, ரெகுலேட்டரும் யூஎஸ்பி சிப்பும் இல்லாத வெறும் மாட்யூலை வாங்கி, 3.2 வோல்ட் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்லை ரெகுலேட்டர் இல்லாமலே கொடுப்பது நல்லது. சித்திரை வெயிலில் மொட்டை மாடிப் பெட்டிக்குள் கிடக்க வேண்டிய செல் அது. சாதாரண லித்தியம் அயனை விடச் சூட்டை இது நன்றாகத் தாங்கும்.

அடுத்து அதே நிறுவனத்தின் இஎஸ்பி32 குடும்பம். 2016-ல் வந்த முதல் மாடலில் இரண்டு கோர், புளூடூத், தாராளமான பின்கள். வைஃபை ஓடும்போது ஏடிசி2 என்ற தொகுதியின் பின்களில் அனலாக் அளவு எடுக்க முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சென்சாரை ஏடிசி1 பக்கம் மாட்ட வேண்டும். இதே குடும்பத்தின் இஎஸ்பி32-சி6-ல் வைஃபை 6, ஸ்மார்ட் பல்புகள் பேசும் ஜிக்பீ, த்ரெட் முறைகள் எல்லாம் உண்டு. அந்த வகை பல்பும் சுவிட்சும் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் பார்க்கலாம்.

என் தேர்வு இஎஸ்பி32-சி3. ஒற்றைக் கோர்தான். டீப் ஸ்லீப்பில் சிப் சுமார் 5 மைக்ரோஆம்பியர். வெளி ஆன்டெனா மாட்டும் வசதியோடு, பெயர் ‘யு’ என்று முடியும் மாட்யூல்களும் இதில் கிடைக்கின்றன. இதைவிடப் பெரிய காரணம் இஎஸ்பி-நவ். ரவுட்டரைத் தேடாமல் ஒரு சிப் இன்னொரு சிப்புக்கு நேராகச் சிறு தகவல்களை அனுப்பும் முறை இது. வைஃபையில் சேர சில நொடி விழித்திருக்க வேண்டும். இதில் கண்மூடித் திறப்பதற்குள் அனுப்பிவிட்டுத் தூங்கப் போய்விடலாம். பழைய 8266-ம் இதைப் பேசும். ஆனால் வேகத்தைக் குறைத்துத் தூரத்தைக் கூட்டும் எஸ்பிரசிஃபின் லாங் ரேஞ்ச் முறை அதில் கிடையாது, சி3-ல் உண்டு.

வீடே இதற்குக் கைகொடுக்கிறது. முன்வாசலில் நின்றால் பின்வாசல் வரை கதவுகள் ஒரே நேர்க்கோட்டில் தெரியுமே, அந்தக் கோட்டில்தான் சிக்னலும் போக வேண்டும். வளவின் திறந்த முற்றம் ஒரு தடையும் இல்லாத வெளி. பூட்டிய தேக்குக் கதவும் தடித்த சுவரை விட எவ்வளவோ மேல். வளவுக் கதவு நிலைக்கு மேலே ஒரு சி3, இரண்டாம் கட்டு நிலைக்கு மேலே இன்னொன்று என்று வைத்துத் தகவலைக் கைமாற்றி விட்டால் பின்கட்டு வரை எட்டும். இரும்பு கிராதியையும் பெரிய கண்ணாடிகளையும் ஒட்டி வைக்காதீர்கள். ரவுட்டரின் சேனலை ஆட்டோவில் விடாமல் ஒரே எண்ணில் நிறுத்துங்கள். அது தானாக மாறினால் மற்ற போர்டுகள் பழைய சேனலிலேயே கூப்பிட்டுக்கொண்டிருக்கும்.

ராஸ்பெர்ரி பை பிக்கோ டபிள்யூ என்ற வைஃபை போர்டு 2022-ல் வந்தது. சிறு போர்டுகளுக்கான பைத்தான் மொழியான மைக்ரோபைத்தானில் கற்றுக்கொள்ள இதை மிஞ்ச எதுவும் இல்லை, வழிகாட்டி ஆவணங்களும் அவ்வளவு தெளிவு. அழகப்பா பொறியியல் கல்லூரியில் முதல் வருடம் படிக்கும் பிள்ளை கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் வாங்கச் சொல்வேன். பூட்டிய வீட்டின் பின்கட்டுக்கு வேண்டாம். தூக்கத்தில் இஎஸ்பி அளவுக்குச் சிக்கனம் கிடையாது, வெளி ஆன்டெனா போட இடமும் இல்லை.

வீட்டைத் தாண்டி ஊருணி, தோப்புக் கிணறு என்று போனால் இவை எல்லாமே தோற்கும். அங்கே லோரா என்ற நெடுந்தூர ரேடியோ முறை. எஸ்எக்ஸ்1262 போன்ற ரேடியோவை சி3-யோடு இணைத்தால் திறந்த வெளியில் கிலோமீட்டர் கணக்கில் போகும். அனுப்புவது சில பைட்தான் என்பதால் நீர்மட்டத்துக்குக் கச்சிதம். கடையில் 433 மெகாஹெர்ட்ஸ் மாடலைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். நம் நாட்டில் லோராவுக்கு உரிமம் இல்லாமல் பயன்படுத்தும் பட்டை 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ். அதற்கான மாட்யூலையும் அதே பட்டைக்கான ஆன்டெனாவையும் கேட்டு வாங்குங்கள். ஆன்டெனா மாட்டாமல் மட்டும் அனுப்பிப் பார்க்க வேண்டாம், ரேடியோ போய்விடும்.

எதை வாங்கினாலும் கரண்ட் போய் வருவதை மனதில் வைத்து எழுதுங்கள். போர்டு ஒரு நொடியில் எழுந்துவிடும், ரவுட்டர் எழ ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். ஒரு முறை முயன்று கைவிடும் புரோகிராம் அன்று முழுக்க ஊமையாகக் கிடக்கும், விடாமல் மறுபடி மறுபடி முயல வேண்டும். இன்னொரு சி3-யில் ஒரு பஸ்ஸர் மாட்டி வாட்ச்மேன் அறையில் வையுங்கள். இஎஸ்பி-நவ் வழியாக நேராக அவருக்கே ஒலிக்கட்டும். இன்டர்நெட் அறுந்த இரவிலும் தொட்டி வழிந்தால் எழுந்து போய் வால்வை மூடப்போகிறவர் அவர்தானே.