கிளட்ச் கூலி: ஹட்டன் கராஜா, கண்டி சேர்விஸ் நிலையமா?

ஹட்டனிலோ தலவாக்கலையிலோ கார் வைத்திருப்பவர் பழுது வந்தால் பக்கத்துக் கராஜுக்குப் போகலாம். இல்லையேல் ஒரு நாளை ஒதுக்கிவிட்டுக் கண்டியில் உள்ள ஏஜென்ட் சேர்விஸ் நிலையத்துக்கு இறங்கலாம். கூலியை மட்டும் பார்த்தால் முன்னையதே மலிவு. ஆனால் பில்லில் கூலி என்று எழுதப்படும் தொகைக்குள் அடங்குபவை இரண்டு இடத்திலும் ஒன்றல்ல.

ஏற்றத்தில் நிறுத்தி நிறுத்தி எடுப்பதால் மலைப் பாதையில் சீக்கிரம் தேய்வது, எஞ்சினின் விசையைக் கியர் பெட்டிக்குக் கடத்தும் கிளட்ச் தட்டு. கியர் பெட்டியை இறக்காமல் அதைத் தொட முடியாது என்பதால், கூலியின் பெரும்பகுதி அந்த இறக்கி ஏற்றும் வேலைக்கே போகிறது. சேர்விஸ் நிலையம் இதற்குத் தயாரிப்பாளர் வகுத்த நேரத்தை மணித்தியாலக் கட்டணத்தால் பெருக்கிக் கணக்கிடும், பேரம் இல்லை. கராஜில் வேலைக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசுவார்கள், குறைக்கவும் செய்வார்கள். குறைத்தது எங்கே போகிறது என்பதை நான் பிந்தித்தான் அறிந்தேன்: கூலியில் விட்டுக்கொடுத்த ஒருவர், தட்டின் விலையில் அதை எடுத்துக்கொண்டிருந்தார்.

அதற்காக உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாகத்தை நாமே வாங்கி வருவதும் முழுத் தீர்வல்ல. பாகம் பொருந்தாவிட்டால் கியர் பெட்டி மறுபடி இறங்கும், இரண்டாவது கூலியும் நம் தலையில் விழும். கராஜ்காரரையே வாங்கச் சொல்லி, கடை பில்லைக் கையில் பெற்று, கூலியைத் தனியாக எழுதச் சொல்வதே எனக்கு ஒத்துவந்த வழி. தட்டோடு, அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டையும் அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பெயாரிங்கையும் மாற்றச் சொல்பவரை உடனே சந்தேகிக்க வேண்டியதில்லை. அவற்றைத் தனியாக மாற்றினாலும் அதே இறக்கல் கூலிதான்.

பிரேக் விடயத்தில் என் தெரிவு உள்ளூர்க் கராஜே. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலிருந்து றம்பொடை வளைவுகள் வழியாகக் கண்டிக்கு இறங்கும் வண்டியில் பிரேக் எவ்வளவு சூடாகும் என்பது அந்த மெக்கானிக்குக் கை அனுபவம். வேலை முடிந்ததும் இறக்கத்தில் ஓட்டிப் பார்த்தே சாவியைத் தருவார். ஆனால் பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ், ஈரம் ஏறியபின் 140 வரை இறங்கலாம்; இறக்கத்துச் சூட்டில் எண்ணெய் கொதித்தால் பிரேக் சரியாகப் பிடிக்காது. சேர்விஸ் நிலையம் தவணை பார்த்து மாற்றும் இந்த எண்ணெயைக் கராஜில் நாமே ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

ஹைபிரிட் வண்டிகளுக்கு இந்த ஒப்பீடு நீளாது. கோளாறைக் கண்டறியும் உரிய ஸ்கேனரும் உயர் மின்னழுத்தத்தில் பயிற்சியும் உள்ள இடத்துக்கே போக வேண்டும், அது தூரமானாலும்.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய வண்டிகளையே பல ஆண்டுகள் ஓட்டிவந்த நமக்கு, ரீகண்டிஷன் பாகம், அதாவது பாவித்ததைச் சீராக்கி விற்கும் பாகம், தவிர்க்க முடியாதது. அதில் குற்றமில்லை, புதிய பாகத்தின் விலைக்கு அதைப் போடுவதுதான் குற்றம். ஆகவே எந்தப் பாகம் எந்த வகை என்பதைப் பில்லில் எழுதித்தரக் கேட்கிறேன். பில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால், பணம் கொடுக்குமுன் வரிவரியாக விளக்கச் சொல்லி, கழற்றிய பழைய தட்டையும் வாங்கிக்கொள்கிறேன்.