‘கவலையில்லாப் பிறந்தநாள்’ பேக்கேஜுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்

குழந்தையின் பிறந்தநாளைக் குடும்பப் பொழுதுபோக்குக் கூடம் ஒன்றில் நடத்தத் திட்டமிட்டிருப்பவர்கள், அதிலும் குறிப்பாக ‘நீங்கள் வந்து உட்கார்ந்தால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்ற உறுதிமொழியை நம்பி முன்பணம் கட்டவிருப்பவர்கள், இதைப் படித்த பிறகு முடிவெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் மகளின் ஏழாவது பிறந்தநாளுக்கு அத்தகைய பேக்கேஜ் ஒன்றைத்தான் எடுத்திருந்தோம். கூடத்தின் பெயரை நான் குறிப்பிடவில்லை. இவர்களுடைய பேக்கேஜ்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை என்பதால், பெயரைவிடப் பணமும் நேரமும் பறிபோன விதம்தான் மற்றவர்களுக்குப் பயன்படும்.

எங்களுக்குச் சொல்லப்பட்டது இதுதான்: 15 குழந்தைகள், 2 மணி நேரம், டிராம்போலின் (மேலே குதித்து விளையாடும் வில்விசை விரிப்பு), ஆர்க்கேட் விளையாட்டுகள் (காசு அல்லது கார்டு போட்டு ஆடும் இயந்திரங்கள்), தனி அறை, உணவு, விழாவை நடத்தித் தர ஓர் ஊழியர். இவற்றுள் எதையும் அவர்கள் தராமல் விட்டுவிடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த 2 மணி நேரம் எப்போது தொடங்குகிறது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. முழு ஏமாற்றும் அதற்குள்தான் இருந்தது.

நாங்கள் குறித்த நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டோம். விளையாடுமிடத்துக்குள் நுழைய வேண்டுமானால் ஒவ்வொரு குழந்தைக்கும் அதன் பெற்றோரே, அடிபட்டால் கூடம் பொறுப்பல்ல என்று ஒப்புக்கொள்ளும் பொறுப்புத் துறப்புப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும் என்று வரவேற்பு மேசையில்தான் தெரிந்தது. நண்பரின் பெற்றோருடன் வந்திருந்த குழந்தைகளுக்காக, வீட்டிலிருந்த தாய் தந்தையரைத் தொலைபேசியில் அழைத்து, அவர்களுக்கு இணைப்பை அனுப்பி, அவர்கள் நிரப்பி முடிக்கும்வரை அனைவரும் வரிசையில் நின்றோம். அந்த இணைப்பை முன்பதிவின்போதே அனுப்பியிருக்கலாமே என்று கேட்டதற்குப் பதிலில்லை. அடுத்து வழுக்காத காலுறை வாங்க ஒரு வரிசை. அது பேக்கேஜில் சேராதாம், வீட்டிலிருந்து கொண்டுவந்ததும் செல்லாதாம். கடைசிக் குழந்தை உள்ளே போனபோது ஏறத்தாழ அரை மணி நேரம் கரைந்திருந்தது, கடிகாரமோ முன்பதிவு நேரத்திலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது.

விளையாட்டு சூடுபிடித்த வேளையில், எங்களுக்கென ஒதுக்கியதாகச் சொல்லப்பட்ட ஊழியர் (உண்மையில் அவர் மூன்று அறைகளுக்கிடையே ஓடிக்கொண்டிருந்தார், அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை) குழந்தைகளைச் சாப்பிட அழைத்துச் சென்று அறையில் உட்கார வைத்தார். உணவு வந்திருக்கவில்லை. பிள்ளைகள் கண்ணாடிச் சுவர் வழியே டிராம்போலின்களைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள், அந்தக் காத்திருப்பும் எங்கள் 2 மணி நேரத்தில்தான் கழிந்தது. இறுதியில் கேக் வெட்டுவதற்குச் சில நிமிடங்களே மிஞ்சின. மகள் மெழுகுவத்தியை ஊதும் படத்தில், அவளுக்குப் பின்னால் கதவருகே ஒருவர் வேறொரு குழந்தையின் பெயர் எழுதிய பலூன் தோரணத்தைப் பிடித்தபடி நிற்பது தெளிவாகத் தெரிகிறது.

உணவுக்குக் காத்திருக்கும் நேரம் இந்தத் தொழிலில் புதியதன்று. அடாரி என்ற வீடியோ விளையாட்டு நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான நோலன் புஷ்னல், 1977இல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் உணவகத்தையும் ஆர்க்கேடையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்தபோது, பீட்சா தயாராகும்வரை குடும்பத்தினர் இயந்திரங்களில் காசு போடுவார்கள் என்பதே அவர் கணக்கு. அங்கே காத்திருப்பவர்கள் விளையாடவாவது முடிந்தது. எங்கள் கூடத்தில் காத்திருப்பு அறைக்குள்ளும், ஆர்க்கேடுக்கான நேரம் வெளியேறும் வழியிலும் வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு குழந்தைக்கும் தந்த கார்டிலிருந்த பாயிண்டுகளில் பெரும்பகுதி ‘போனஸ்’. அந்த போனஸ், பரிசுச் சீட்டு தரும் இயந்திரங்களில் செல்லாது. ஏழு வயதுக் குழந்தை எந்த இயந்திரத்தின் முன் நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியாதா? கார்டு செல்லாமல் அழத் தொடங்கிய பிள்ளைகளுக்காக, விருந்தாளிகளாக வந்த பெற்றோர் தங்கள் கையிலிருந்து பணம் போட்டதுதான் எங்களுக்கு மிகுந்த சங்கடத்தைத் தந்தது.

பணத்தைவிடப் பெரிய குறை டிராம்போலின் பகுதியில் இருந்தது. ஒரு விரிப்பில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் என்று சுவரில் எழுதியிருந்தது. கண்காணிப்பாளர் கைப்பேசியில் மூழ்கியிருந்தார். பொதுக் கட்டணத்தில் நுழைந்த பெரிய பையன்கள் எங்கள் குழந்தைகள் இருந்த விரிப்பிலேயே குதித்தார்கள். ஒன்றுக்கு மேற்பட்டோர் சேர்ந்து குதிக்கும்போதுதான் பெரும்பாலான காயங்கள் ஏற்படுகின்றன என்றும், அவர்களுள் மிகச் சிறியவருக்கே ஆபத்து மிகுதி என்றும் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் நெடுங்காலமாக எச்சரித்து வருகிறது. டிராம்போலின் பூங்காக்களின் பாதுகாப்புக்கென்றே ஐஎஸ்ஓ 23659 என்ற பன்னாட்டுத் தரநிலை 2022இல் வெளியாகியுள்ளது. அதைப் பின்பற்றுகிறீர்களா என்று மேலாளரிடம் கேட்டேன். அப்படியொன்று இருப்பதையே அவர் அறிந்திருக்கவில்லை.

பில் வந்தபோது மீதியும் வெளிப்பட்டது. காய்ச்சலால் இரண்டு குழந்தைகள் வரவில்லை, அவர்களுக்கான தொகை கழிக்கப்படவில்லை. அழைக்கப்பட்ட குழந்தைகளுடன் வந்த தம்பி தங்கைகள் இருவரைக் ‘கூடுதல் ஆட்கள்’ என்று சேர்த்திருந்தார்கள். வராதவர்களின் இடத்தில் வந்தவர்களை வைத்துக்கொள்ளக் கூடாதா என்றதற்கு, பெயர்ப்பட்டியல் முன்பே இறுதியாகிவிட்டது என்றார்கள். இடுப்பிலிருந்து இறங்காத கைக்குழந்தைக்கும் நுழைவுக் கட்டணம் இருந்தது. சேவைக் கட்டணத்துக்கு மேல் துப்புரவுக் கட்டணம் வேறு.

இதற்குப் பிறகும் இத்தகைய இடத்தில் விழா நடத்த விரும்புவோர், கடிகாரம் எப்போது தொடங்கும், அதில் விளையாட எவ்வளவு, அறைக்கு எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்காமல் முன்பணம் தர வேண்டாம். சமீபத்தில் நடந்த வேறொரு விழாவின் இறுதி பில்லை, பெயரை மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அதுவே போதுமான பதில். படிவ இணைப்பை அழைப்பிதழுடனேயே அனுப்பிவிட்டால் வாசலில் நிற்க வேண்டியிராது. அன்றைய முதல் நேரத்தைப் பிடிப்பது நல்லது, முந்தைய விழாவின் தாமதம் உங்கள் தலையில் விழாது. குறைந்தபட்ச எண்ணிக்கையை நிரப்புவதற்காக, மகளோ மகனோ அதிகம் பழகாத குழந்தைகளை அழைக்கும் நெருக்கடி வந்தால், அந்த பேக்கேஜ் உங்களுக்கானதன்று.

எங்கள் எழுத்துப்பூர்வமான புகாருக்கு, வார நாட்களில் மட்டும் செல்லுபடியாகும் இலவச விளையாட்டுச் சீட்டுகளைத் தர முன்வந்தார்கள். அவற்றை மறுத்து, பில்லிலுள்ள ஒவ்வொரு தொகைக்கும் விளக்கம் கேட்டோம். துப்புரவுக் கட்டணம் மட்டும் திரும்ப வந்தது. ‘கூடுதல் ஆட்கள்’ குறித்த கேள்விக்கு, படிவத்தில் கையெழுத்திட்டிருக்கிறீர்கள் என்பதே இதுவரை கிடைத்துள்ள பதில். நாங்கள் பணம் செலுத்திய கார்டை வழங்கிய வங்கியிடம் அந்தத் தொகையை மறுத்து விண்ணப்பித்திருக்கிறோம்.