குடும்ப வழக்கில் சமரச மையம்: எங்கள் கடற்கரையில் கிடைத்த சேவை

இராமநாதபுரம் கடற்கரைப் பகுதியின் நீதிமன்ற வளாகம் ஒன்றில் இயங்கும் சமரச மையத்திற்கு, அதாவது நடுநிலையாளர் ஒருவர் உதவியுடன் இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளும் இடத்துக்கு, என் தங்கையின் வழக்கு அனுப்பப்பட்டபோது, துணைக்கு நானும் சென்று வந்தேன். குடும்பத் தகராறில் சிக்கியவர்கள் இந்தச் சேவையைத் தாமாகவே கேட்டுப் பெற வேண்டும் என்பது என் கருத்து. ஆயினும் அது நடக்கும் விதத்தில் திருத்த வேண்டியவை உண்டு.

சமரசத்துக்கு முன்பு நடந்ததெல்லாம் காகிதச் சண்டைதான். தங்கை தரப்பு மனுவில் எழுதியதைவிடக் கடுமையாக அவள் கணவர் தரப்பு எதிருரையில் எழுதியது. இருவரும் ஒருவரையொருவர் நேரில் ஒருபோதும் சொல்லியிராத வார்த்தைகள் அவற்றில் இருந்தன. ஒவ்வொரு வாய்தாவிலும் மனக்கசப்பு கூடியதே தவிர, பையன் யாரிடம் இருப்பான், செலவுக்கு என்ன வழி என்ற கேள்விகள் அப்படியே கிடந்தன. 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் இதை விரும்பவில்லை. முதலில் இணக்கத்துக்கு முயல்வது நீதிமன்றத்தின் கடமை என்று அதன் 9-ஆவது பிரிவு சொல்கிறது. வழக்கறிஞர் வைத்து வாதாடுவதை உரிமையாகக் கோர முடியாது என்கிறது 13-ஆவது பிரிவு. நாட்டிலேயே முதலாவதாக, நீதிமன்றத்துடன் இணைந்த சமரச மையம் 2005-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில்தான் தொடங்கியது. இவ்வளவு இருந்தும், எதிருரை தாக்கலாகி இரு குடும்பமும் பகையான பிறகே எங்கள் வழக்கு சமரசத்துக்கு வந்தது என்பது எனக்குப் பெரும் வருத்தம்.

மையத்தில் கட்டணம் எதுவும் இல்லை. அங்கே பேசியதைப் பின்னர் நீதிமன்றத்தில் சாட்சியமாகப் பயன்படுத்த முடியாது என்பதைச் சமரசர் தொடக்கத்திலேயே விளக்கினார். அதன் பிறகுதான் தங்கை வாய் திறந்தாள். இருவரையும் தனித்தனியாகவும் சேர்த்து வைத்தும் கேட்டார். மாப்பிள்ளை விசைப்படகில் வேலை பார்ப்பவர். எங்கள் பக்கம் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் கடலுக்குப் போக நாள் பிரித்திருப்பதால், படகு போகாத நாட்களாகப் பார்த்து அமர்வுகளை வைத்தார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுத் தொழிலாளிக்கு வருமானம் இருக்காது. எனவே அந்த மாதங்களில் ஜீவனாம்சத்தைக் குறைத்து, மீதியை மற்ற மாதங்களில் சேர்த்துக் கொடுப்பதென்று முடிவாயிற்று. பையன் தாயிடம் இருந்து பள்ளிக்குப் போவான். கரையில் இருக்கும் நாட்களில் தகப்பன் வந்து அழைத்துப் போவார். மாதம் இவ்வளவு என்று ஒரே தொகையை விதிக்கும் உத்தரவில் இந்த விவரங்களுக்கு இடம் கிடைத்திருக்காது.

குறைகளையும் சொல்ல வேண்டும். அறைத் தடுப்பு மெல்லியது. உள்ளே பேசுவது வெளியே காத்திருப்பவர்களுக்குக் கேட்கிறது. பிள்ளைகள் இருக்கத் தனி இடம் இல்லை. தொண்டி, இராமேசுவரம் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு ஒரு நாள் கூலி போய்விடுகிறது. தாலுகா அளவில் அமர்வு நடத்தினால் உதவியாக இருக்கும். இவற்றையெல்லாம்விட என்னை உறுத்தியது, அங்கிருந்த ஊழியர் ஒருவர் தங்கையிடம் “கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா” என்று திரும்பத் திரும்பச் சொன்னதுதான். சமரசம் என்பது பெண்ணைத் திருப்பி அனுப்பி வைப்பது அன்று. கௌரவமாகப் பிரிவதற்கும் அது வழி. அடி உதைக்கு ஆளான பெண்ணை எதிரே உட்கார வைத்துப் பேரம் பேசச் சொல்வது தவறு. அவளுக்கு 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி முதலில் பாதுகாப்புக் கிடைக்க வேண்டும். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞரைச் சட்டப் பணிகள் ஆணைக்குழு தரும். உதவி எண் 15100.

ஒப்பந்தத்தைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்திடுங்கள். அதன்படியே நீதிமன்றம் உத்தரவு போடும். எங்களுக்குத் தந்த முதல் நகலில் தடைக்காலத் தொகை பற்றிய வரி விடுபட்டிருந்தது. தங்கை கேட்ட பிறகுதான் சேர்த்தார்கள்.